தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

மலாயாவின் ஈப்போவில் நீதிமன்றத்துக்குப் போகும் தெருவில், ஒரு சீனர் கடை வாசலில் மேசை போட்டு ஆம்புரோஸ் மனு எழுதிவந்தார். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம். பெற்றோர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். பாதிரியார் பள்ளியில் ஏழாவது வரை படித்ததில் பிழையில்லாத ஆங்கிலம் கிடைத்தது. அதை அவர் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே மதித்தார்.

அவரிடம் வருகிறவர்களின் வழக்கில் யாரோ யாருக்கோ எதையோ கொடுத்திருப்பார்கள், அல்லது கொடுக்காமல் இருந்திருப்பார்கள். தமிழில் வாங்கியவர் பெயரோடு ‘க்கு’ ஒட்டிக்கொண்டிருப்பதால் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் இடம்தான் எல்லாம். முதலில் கொடுத்தவர், பிறகு வினை, அதையடுத்து வாங்கியவர், கடைசியில் பொருள். ‘ஐ கேவ் ஹிம் தி லெட்டர்.’ ஆளும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே எந்த ஒட்டும் இல்லாமல் நிற்கும். பொருளை முன்னால் இழுத்தால் மட்டும் ‘டு’ என்ற சின்னச் சொல் வேண்டும். அனுப்பு, காட்டு போன்ற வினைகளும் இப்படித்தான். ‘விளக்கிச் சொல்’ என்ற வினை அந்தக் கூட்டத்தில் சேராது. பக்கத்துத் தெரு எழுத்தர் ஒருவர் ‘டு’ போடாமல் ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்று எழுதியதை ஆம்புரோஸ் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். யார் கையிலிருந்து யார் கைக்கு எது போனது என்பதில் இந்த வாக்கியம் சந்தேகம் வைக்காது என்று நம்பினார். என்ன நினைத்துக் கொடுத்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை என்று அவருக்குத் தோன்றியதில்லை.

1926ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, இருளாயி வந்தாள். சுங்கை சிப்புட் தோட்டத்தில் வேலை செய்கிறவள். காய்ச்சலில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததால் கன்னம் ஒட்டியிருந்தது.

“ஐயா, தொரைக்கு ஒரு சூராட்டு எழுதணும். எங்கள வேல வாங்குற மண்டோர் சதாசிவத்தோட பொஞ்சாதி மங்களம் புள்ளையத் தரமாட்டேங்குறா. வர்ற வியாழக்கெழம ஊருக்குப் போக பினாங்குல கப்பல் ஏறுறாங்க. புள்ளையையும் கூட்டிட்டுப் போறாங்க.”

“அவங்க கைக்குப் புள்ள எப்படிப் போச்சு?”

“ஆஸ்பத்திரிக்குப் போறப்ப விட்டுட்டுப் போனேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியே குடுத்ததுதான். பொறந்த பதினாறாம் நாளு மங்களத்துக்குக் குடுத்தேன். அவ ஒரு படி தவுடு குடுத்தா.”

“தவிடா? கோழி வளக்குறியா?”

இருளாயி சிரிக்கவில்லை. “மூணு புள்ள போயிருச்சு ஐயா,” என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, பிள்ளை தங்காதவர்கள் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் காதில் விழுந்திருக்கிறதே தவிர, மனதில் ஏறியதில்லை.

நல்ல தாளில் அழகாக எழுதினார். இருளாயி மங்களத்துக்குக் குழந்தையைக் கொடுத்தாள். மங்களம் இருளாயிக்கு ஒரு படி தவிட்டைக் கொடுத்தாள். அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஆளும் பொருளும் தத்தம் இடத்தில். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, தோட்டத்து ஆட்களின் புகார் கேட்கும் துரை இரு தரப்பையும் அழைத்தார். மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சல். “எழுதியவரே சொல்லட்டும்,” என்று ஆம்புரோஸை நிற்க வைத்தார்கள். மண்டோர் சுவரோரமாக நின்றார். மங்களத்தின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெயர் தவுட்டாயி.

துரை மனுவைத் தட்டினார். “இவள் குழந்தையைக் கொடுத்திருக்கிறாள். பதிலுக்குத் தவிடு பெற்றிருக்கிறாள். பிறகு என்ன வழக்கு?”

ஆம்புரோஸுக்கு முகம் சுட்டது. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஆம்புரோஸ் அதைத் தமிழில் சொன்னதும் மங்களம் முந்திக்கொண்டாள். “நான் ஒண்ணும் திருடலீங்க. மொறத்துல புள்ளைய வாங்கி, ‘எம் புள்ளைய வளத்துக் குடு’ன்னு சொல்லித்தான் இவகிட்டயே திருப்பிக் குடுத்தேன். தோட்டமே பாத்துச்சு. மூணு வருசமா எம் புள்ளன்னுதான் இவளும் கூப்புடுறா. கேளுங்க.”

“அது சும்மா ஒரு வழக்கந்தானேம்மா?” என்றார் ஆம்புரோஸ்.

“உங்களுக்குச் சும்மா. எனக்கு வேற யாரு இருக்கா?”

துரை பெயர்ப்புக்குக் காத்திராமல் இருளாயியைப் பார்த்தார். “ஒரே கேள்வி. இது உன் குழந்தையா?”

ஆம்புரோஸ் தமிழில் கேட்டார். இருளாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் நகரவில்லை.

“சொல்லும்மா. ஒரு வார்த்த.”

“முடியாது ஐயா.”

“சொல்லலேன்னா கப்பல் ஏத்திருவாங்க.”

“சொன்னா செத்துருமே!” அவள் குரல் உடைந்தது. “மூணையும் எம் புள்ள எம் புள்ளன்னு கொஞ்சித்தான் தூக்கிக் குடுத்தேன். இது எனக்கில்லன்னு நெனச்சுத்தான் எமன் விட்டு வச்சிருக்கான்.” பிறகு கண்ணைத் துடைத்து, துரையை நேராகப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “இது மங்களத்து புள்ள. என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க.”

அறையில் யாரோ சிரித்தார்கள். “என்ன சொல்கிறாள்?” என்றார் துரை.

சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பதுதான் அவர் வேலை. அப்படிப் பெயர்த்தால் இவள் தன் வாயாலேயே தோற்பாள். வழக்கத்தை விளக்கினால் தவிட்டையும் எமனையும் துரை நம்புவாரா? கடைசியில் திரும்பவும் அதே ஒரு கேள்விதான் வரும்.

ஆம்புரோஸ் ஆங்கிலத்தில் சொன்னார். “அது தன் குழந்தை என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள விட்டதாகச் சொல்கிறாள். மனுவில் கொடுத்தாள் என்று நான் எழுதியது தவறு.”

“உம்முடைய தவறா?”

“என்னுடைய தவறு.”

துரை மனுவில் ஒரு கோடு கிழித்தார். இனி அந்த அறைக்கு ஆம்புரோஸ் எழுதிய மனு வரக்கூடாது என்றார். பிறகு குழந்தையை இருளாயியிடம் கொடுக்கச் சொன்னார்.

மங்களத்துக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. “அவ வாயாலேயே மங்களத்து புள்ளன்னு சொன்னாளே! இந்த ஆளு என்னத்தச் சொன்னாரு?” என்று புருஷனை உலுக்கினாள். ஆங்கிலம் தெரியாத மண்டோர் ஆம்புரோஸையே முறைத்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் அன்று உண்மை பேசியவள் மங்களம். அவளிடமிருந்துதான் பிடுங்கினார்கள்.

வெளியே வந்ததும் இருளாயி குழந்தையைத் தோளில் மறைத்துக்கொண்டு கேட்டாள். “ஐயா, தொரகிட்ட எம் புள்ளன்னு சொல்லிடலையே?”

“சொல்லலம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

புந்தோங்கில் இருந்த தன் வீட்டுக்குப் போய் மனைவி பியாட்ரிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “சர்ச்சுக்குப் போற மனுசன். எமனையா நம்புறீங்க?”

“நான் நம்பல. அவ நம்புறா.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

இருளாயி சொல்லக் கூடாது என்று நடுங்கிய சொல்லை அவள் பெயரில் சொன்னது அவர். சத்தியம் செய்ததும் அவர். பொய் ஒரு தாய்க்குப் பிள்ளையைக் கொடுத்தது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. இன்னொருத்தியின் வெறும் இடுப்பும் கண்முன் நின்றது.

மழைக்காலம் வந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து யார் வந்தாலும், என்ன மனு என்று கேட்பதற்கு முன்னால், “உங்க பக்கம் காய்ச்சல் இருக்கா?” என்று கேட்கத் தொடங்கினார். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. இருக்கு என்று ஒருவன் சொன்னால் அன்று அவருக்குப் பேனா ஓடாது.