சித்தி தூங்கும் நேரத்தில் மழை

என் சித்தப்பா இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பிரேக்கை மிதிக்கிறாரா, தடவிக்கொடுக்கிறாரா என்று கேலி வேறு. நான் பெட்டியும் பயமுமாக இந்த நாட்டில் வந்து இறங்கியபோது ஆறு மாதம் சோறு போட்டவர்கள் அவரும் சித்தியும்தான். அவர் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரையும் என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டேன்.

மேலே நல்ல அறையாகத் தருகிறேன் என்றேன். சித்தி மசியவில்லை, தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்தான் வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணி வரை தூங்கியாக வேண்டும். ஒருமுறை தூக்கம் கெட்டுப்போய் வேலைக்குப் போனவள், இஸ்திரி இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணயர்ந்து முன்கையைச் சுட்டுக்கொண்டாள். மேலே என் பிள்ளைகளின் கூச்சல், வெளிச்சம், தெருச் சத்தம். கீழே ஒரே ஒரு சின்ன ஜன்னல். பட்டப்பகலிலும் இருட்டு.

மூன்று வருடத்துக்கு முன் பெய்த பெருமழையில் பேஸ்மென்டில் கணுக்காலளவு தண்ணீர் ஏறியது. அன்றைக்குப் பிடித்த பயம் என்னை இன்னும் விடவில்லை. தரையின் மூலையில் ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு பம்ப் வைத்தேன். நடுத்தர பம்பே போதும் என்றார் கடைக்காரர். நான் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குழி நிரம்பினால் தானாக உறுமத் தொடங்கும். நிற்கும்போது குழாயில் ஒரு இடி இடிக்கும். சித்தியின் கட்டிலிலிருந்து ஆறடி தூரம், நடுவில் ஒரு திரை.

சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். சித்தப்பாதான் முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, சத்தமே கேட்பதில்லை என்றார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து கீழே இறங்கினால், பம்ப் சத்தமே இல்லை.

குழி ஓரத்தில் சித்தப்பா மண்டியிட்டிருந்தார். பிளக் கழற்றிக் கிடந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. தண்ணீரை மொண்டு, ஜாடியை வாளியின் உள்பக்கத்தில் சாய்த்து, சத்தமில்லாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தார். வாளிக்கு அடியில் மடித்த துண்டு. வாளி நிறைந்ததும் பன்னிரண்டு படி ஏறிப் பின்வாசலில் கொட்டிவிட்டு வருவார். குழியில் தண்ணீர் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்தார். மேலே வந்த பிறகுதான் பேச விட்டார்.

"எத்தன நாளா இது சித்தப்பா?"

"மழை பெய்யற அன்னிக்கு மட்டும்தான்டா. அவ எந்திரிச்சதும் பிளக்க மாட்டிடுவேன்."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"பம்ப் வந்ததுலேர்ந்து."

அறுபத்தெட்டு வயது. இடுப்பில் ஏற்கெனவே டாக்டர் கட்டச்சொன்ன பெல்ட். இனி இது ஆகாது, இரண்டு பேரும் மேலே வந்துவிடுங்கள் என்றேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல மட்டும் கூப்பிடாதடா. மேல வந்தா அவளுக்குத் தூக்கம் போயிடும். அங்க போய் மறுபடியும் கைய கிய்ய சுட்டுக்கிட்டான்னா?"

மறுநாள், மழை விடாமலே இருக்க, ஒரு பிளம்பரை வரவழைத்தேன். அவர் கீழே இறங்கவே இல்லை. குடையோடு வீட்டைச் சுற்றிவந்து, பின்பக்க மூலையில் நின்றார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே முடிந்து, அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. இதில் மாட்டியிருந்த நீளக் குழாய் எங்கே என்று கேட்டார். கராஜில் இருக்கிறது, யாராவது தடுக்கி விழுந்துவிடப் போகிறார்களே என்று நான்தான் கழற்றிவைத்தேன் என்றேன்.

"கூரைத் தண்ணி சுவரோரமா மண்ணுல எறங்குது. அதுதான் உங்க குழிக்கு வருது. பெரிய பம்ப் இல்ல சார், கப்பல்ல இருக்கறதக் கொண்டாந்து வச்சாலும் ஓயாது."

பின்வாசலில் நின்ற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாளியைக் கொட்டியதும் அதே மூலையில்தான். தள்ளிப்போய்க் கொட்டலாம், ஆனால் அதற்குத் தோட்டத்துக்குப் போகும் கம்பிக் கதவைத் திறக்க வேண்டும், அது கிறீச்சிடும், கீழே கேட்கும். மூன்று வருடமாக அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுமந்திருக்கிறார்.

குழாயைப் பத்தடி நீட்டினோம். மழை விட்டதும் சுவரோரம் மண்ணைக் குவித்து வெளிப்பக்கம் சரியும்படி தட்டினோம். பம்ப் குழாயில் இடி இடித்த வால்வைக் கழற்றிவிட்டு, மெதுவாக மூடுகிற வால்வைப் போட்டார் பிளம்பர். இத்தனை அமர்க்களத்துக்குப் பிறகு சித்தியிடம் மறைக்க முடியுமா? என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சித்தி சித்தப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வாளிக் கைப்பிடி அழுத்திய இடம் காய்த்துப்போயிருந்தது.

"நான் ஆஸ்பத்திரிக்குத் துணி தொவைக்கப் போறேன். இடுப்பொடிஞ்சு நீங்க வந்து படுக்கறதுக்கு பெட்டு புடிச்சு வைக்கப் போகல" என்றாள்.

அப்புறம் ஒரு தீர்ப்பும் சொன்னாள். இனி பிளக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்த மழைக்கு அவள் விழித்துக்கொண்டால், பேசாமல் இரண்டு பேரும் மேலே வந்துவிடுவார்கள்.

அடுத்த மழை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. சித்தி படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சித்தப்பாவும் நானும் படிக்கட்டின் மேல்படியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் இந்த மழைக்கு பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுமியிருக்கும். அரை மணி ஆயிற்று, சத்தம் இல்லை. முக்கால் மணிக்குப் பிறகு ஒரு முறை உறுமியது. சித்தப்பாவின் விரல்கள் என் முழங்காலை இறுக்கின. உறுமல் நின்றது. இடி இல்லை. சித்தி கூப்பிடவும் இல்லை.

பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப்போனவர் வரவில்லை. கால்மணி நேரம் பொறுத்து நானும் இறங்கினேன். இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தார். குறட்டை பம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது. தூக்கத்திலேயே சித்தியின் கை நீண்டு அவர் தோளைத் தள்ளியது. அவர் ஒருக்களித்துப் படுத்தார். குறட்டை நின்றது. சித்தியின் கை அங்கேயே இருந்தது.