மிதித்தால் கும்பிடாதே

குத்துச்சண்டையில் எதிராளியின் காலை மிதிப்பதும் ஒரு பயிற்சி என்று பி.டி. சார் சொன்னபோது ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இருவர் எதிரெதிரே நின்று, கைகளைத் தாடைக்கு முன்னால் தூக்கிவைத்தபடி, ஒருத்தி பாதத்தை ஒருத்தி மிதிக்கப் பார்க்க வேண்டும். மிதிபடாமல் நகரவும் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மனுஷர் டிகிரி படித்திருக்கிறார். சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து செல்போனைத் திறந்துகொண்டார்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவள் சமயநல்லூர்க்காரி. ஒத்தக்கடை ஹாஸ்டலில் என் அறைத்தோழி. எடையும் என் எடைதான். வினையே அதுதான். அந்த எடையில் பல்கலைக்கழகப் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்திதான் போக முடியும். இரண்டு மாதம் கழித்து எங்கள் இருவரையும் மோதவிட்டு, ஜெயிப்பவளை அனுப்புவார்கள். "இந்தத் தடவ தோத்தேன்னா கிளவுஸ மூட்ட கட்டி வச்சுட்டுப் படிக்கிற வேலையப் பாரு" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். படிப்பில் நான் எம்புட்டு கில்லாடி என்பது என் அரியர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் முதல் நிமிஷமே அவள் காலை மிதித்துவிட்டேன். உடனே வலக்கை தாடையை விட்டுக் கிளம்பி, அவள் தோளைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தது. கையில் கிளவுஸ் இருந்தது நினைவில்லை. என் கண்ணில் நானே குத்திக்கொண்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஏண்டி, நான் என்ன மீனாட்சியாத்தாளா? மிதிச்சமா போனமான்னு இல்லாம கும்பிட்டுக்கிட்டு நிக்கிறியே."

காலில் பட்டால் தொட்டுக் கும்பிடு என்று தலையில் குட்டிக் குட்டி வளர்த்தார்கள் என் வீட்டில். புத்தகம், முறம், பஸ்ஸில் பக்கத்து சீட்டு மாமா, எது காலில் பட்டாலும் கும்பிடுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு அது வழியில் ரிங்கிலும் ஏறிக்கொண்டது.

"இனி நீ கைய எறக்குற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்னு விடுவேன்" என்றாள். விட்டாள். நான் மிதிப்பேன், என் கை இறங்கும், அவள் வலக்கை என் கன்னத்தில் விழும். மெஸ் அக்கா, "எவடி உன்ன இப்படி வீங்க வச்சவ?" என்று கேட்கும் அளவுக்கு விழுந்தது. அவள்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. என்னைத் திருத்துகிறவள் அவள்தான் என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

"உன்னோட மோதப்போறவளுக்கு நீயே எதுக்குடி பாடம் எடுக்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கும்பிட்டுக்கிட்டு நிக்கிறவள அடிச்சு செயிச்சா எனக்குத்தான் அசிங்கம்" என்றாள்.

மோதல் நாளில், கடைசி ரவுண்டு வரை இருவரும் சமம். அப்போது சத்தியமாகத் தெரியாமல்தான் அவள் காலை மிதித்தேன். என் கை இறங்கவில்லை. ஆனால் அவள் வலக்கை பழக்கதோஷத்தில் புறப்பட்டு வந்தது. இரண்டு மாதமாக அதே நொடியில் என்னை அறைந்தே பழகிய கை. அது கிளம்பியதும் அவள் முகம் திறந்துகிடந்தது. நான் குத்தினேன். மூக்கில் ரத்தம். பி.டி. சார்கூட செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஜெயித்தது நான்.

சாயந்தரம் இருவரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். அவள் மூக்கில் பஞ்சு. "வளத்த கடா மூக்குல பாஞ்சிருச்சு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. மாட்டுத்தாவணிக்கு முன்னால் டிரைவர் போட்ட பிரேக்கில் நான் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டேன்.

கம்பியைப் பிடித்திருந்த என் வலக்கை தானாகக் கிளம்பியது. நேராகத் தாடைக்கு முன்னால் போய் நின்றது.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"இப்பக் கும்பிடலாம்டி" என்றாள்.