வாசலில் இரண்டு இலக்கங்கள்

போன மாரிக்கு முந்தின மாரி அது. திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கமாக, கடல்நீர் ஏறி இறங்கும் களப்பை ஒட்டிக் கிடக்கிற ஒரு பிரிவில் நான் கிராம அலுவலர். பிரிவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சனம் என்னைக் கண்டுபிடித்துவிடும். கிராம அலுவலர் என்று பலகையில்தான் இருக்கிறது, ஊருக்குள் நான் விதானை மிஸ். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில், யாருக்கு யாரோடு கோபம், எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

மூன்று நாள் விடாத மழை. பிரதேச செயலகத்தில் அவசரக் கூட்டம் வைத்தார்கள். கடற்படை, பொலிஸ், சுகாதாரம், நீர்ப்பாசனம் என்று மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். என் பிரிவுக்கு இரண்டு படகுகளும் ஓர் இளம் கடற்படை அதிகாரியும் கிடைத்தார்கள். சிங்களப் பிள்ளை. தமிழைப் படித்து, யோசித்து யோசித்துக் கதைப்பார். சீருடையைக் கண்டால் எங்கள் பக்கத்துச் சனம் இன்றைக்கும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளை வந்ததும் வராததுமாக எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் தான் இருந்தார். எனக்குப் பிடித்துப் போயிற்று.

தானாக வெளியே வர ஏலாத ஆட்கள் மூன்று பேரின் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். படுக்கையில் கிடக்கும் ஓர் ஐயா, ஒரு சிறுநீரக நோயாளி, ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. பெயர், வீட்டு இலக்கம், எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

"மிஸ், நீங்களும் போட்ல வாறீங்களா?" என்று கேட்டார்.

"நான் முகாமில நிக்க வேணும் தம்பி. லிஸ்ட் கையில இருக்கே, பிறகென்ன? வாசலில நம்பர் இருக்கும், பாத்துப் போங்கோ" என்றேன். நல்ல பெரிய ஆள் மாதிரித்தான் சொன்னேன்.

அடுத்த நாள் விடிய, களப்பு ஊருக்குள் ஏறிவிட்டது. மேட்டில் இருந்த பள்ளிக்கூடம்தான் சனம் தங்க முகாம். படகுகள் தெருவிலும் ஒழுங்கையிலும் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கே மதிலில் நின்று கை காட்டுகிறார்களோ அங்கே போய் ஏற்றி வந்தார்கள். ஐயாவும் நோயாளியும் முதல் ஓட்டத்திலேயே வந்துவிட்டார்கள், வீட்டார் நின்று கத்திக் கூப்பிட்டபடியால். பத்து மணிபோல் அதிகாரியின் அழைப்பு வந்தது.

"மிஸ், நாற்பத்தொன்று வீட்டில ஆள் இல்லை. கதவு பூட்டு."

அந்தக் கர்ப்பிணியின் வீடுதான் நாற்பத்தொன்று. புருசன் கொழும்பில் மேசன் வேலை. தாய்வீடு கப்பல்துறையில். மழையைக் கண்டதும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு தாயிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? அவள் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்து மருத்துவமாது நனைந்த குடையோடு வந்து நின்றா. எங்கள் பிரிவில் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவ அவ. தன்னிடம் பதிந்த தாய்மார் எல்லாரையும் பிள்ளை என்றுதான் சொல்லுவா.

"மிஸ், என்ர பிள்ளையைக் காணேல்லையே, எங்க?"

"அவள் தாய்வீட்டுக்குப் போயிட்டாள் அக்கா. நேவி போய்ப் பாத்தவை, வீடு பூட்டிக் கிடக்காம்."

"தாய்வீட்டுக்கோ? விரும்பிக் கலியாணம் கட்டினவள். தாயோட கதை பேச்சு இல்லாமல் அஞ்சு வருசம்! முந்தநாள்தானே வயித்தில கை வைச்சுப் பாத்தனான், பிள்ளை கீழ இறங்கிட்டுது. அவள் எங்கயும் போகேல்லை. பூட்டுறதுக்கு அந்த வீட்டுக் கதவில கொண்டியே இல்லை, மிஸ்!"

அவளுக்கு அழைப்பு எடுத்தால் தொலைபேசி அணைந்து கிடந்தது. அதிகாரியைக் கூப்பிட்டு, பூட்டியிருந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்டேன். நீலக் கேற், மாடி வீடு என்றார். ஐயோ, அவளுடையது தகரக் கூரை!

அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. நான் எழுதிக் கொடுத்தது என் அலுவலகப் பதிவேட்டு இலக்கம். அதை யாரோ முந்தின விதானையார் காலத்தில் கதவு நிலைகளில் மையால் எழுதினார்கள். பாதி அழிந்து போயிற்று. அதற்குப் பிறகு சனத்தைக் கணக்கெடுக்கிற குடிசன மதிப்பீட்டுக்காரர் வந்து, வீடுகளுக்கு வேறு வரிசையில் புது இலக்கம் ஒட்டிவிட்டுப் போனார்கள். பளிச்சென்று தெரிவது அதுதான். அந்தக் கடற்படைப் பிள்ளை அதைத்தான் பார்த்துப் போயிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர்களை வாசல் வாசலாகக் கூட்டிப் போய் ஒட்ட வைத்ததே நான்தான்.

படகு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. மருத்துவமாது என் பட்டியலை வாங்கித் திருப்பி, அதன் பின்பக்கத்தில் வழியை வரைந்தா. கோயில் கிணறு, இடிந்த மதில், இரட்டைத் தென்னை, அதற்குப் பின்னால் தகரக் கூரை. ஓர் இலக்கம்கூட இல்லை. அதிகாரி அதை ஒரு தரம் பார்த்தார்.

"இது போதும். ஏறுங்க அக்கா" என்றார்.

நானும் ஏறினேன். நீந்தத் தெரியாது, பயம் வேறு.

அவள் குசினிச் சுவரோடு மேசையைத் தள்ளி, அதன் மேல் இருந்தாள். மடியில் மகள். மேசைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். பிரசவக் குத்துத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. எங்களைக் கண்டதும் அழுதாள்.

"போட் சத்தம் கேட்டுது மிஸ். அடுத்த ஒழுங்கையால போச்சுது. கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப் போச்சு."

அதிகாரி அவளைத் தூக்கிப் படகில் வைத்தார். மருத்துவமாது அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே வந்தா. அவளுடைய மகளை நான் அணைத்துக்கொண்டேன். அம்புலன்ஸ் மேட்டு வீதியில் காத்து நின்றது. பின்னேரம் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம் என்று செய்தி வந்தபோது, அந்தக் கடற்படைப் பிள்ளை பள்ளிக்கூட விறாந்தையில் அப்படியே குந்திவிட்டார்.

"எந்த நம்பர் என்று நான் கேக்கயில்லை, மிஸ். என் பிழை" என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ தம்பி. பிழை என்ர" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழும்பி அதையேதான் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். இப்போது எங்கள் பக்கத்தில் பட்டியலை நானும் மருத்துவமாதும் சேர்ந்து இருந்துதான் எழுதுகிறோம். மழைக்கு முன்பே கடற்படைக்காரரோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வீடுகளைக் காட்டுகிறோம். சனமும் அவர்களைப் பார்த்து இப்போது சிரிக்கிறது. வேலை நன்றாக நடக்கிறது, சும்மா சொல்லவில்லை.

ஆனால் கூட்டத்தில் சொல்வது சுலபம். அவளிடம் சொல்லத்தான் எனக்கு மூன்று நாள் எடுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, நீ வீட்டில் இருக்கும்போதே உன் பெயருக்குச் சரி போட்டவள் நான்தான் என்று சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அடுத்த முறை நீங்களே வாங்கோ மிஸ்" என்றாள்.

நீச்சல் இன்னும் தெரியாது, பயமும் போகவில்லை. ஆனாலும் களப்பு ஏறினால் முதல் படகில் இருக்கிறவள் நான்தான், என் கண்ணால் முகத்தைக் காணாமல் ஒரு பெயருக்கும் நேரே என் பேனை சரி போடுவதில்லை.