ரீபேஸுக்கு முந்தின நாள்

பூதலூரில் வீட்டிலிருந்தபடியே சென்னை அலுவலகம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். அறுவடை மெஷினை முன்பதிவு செய்யும் செயலி. என்னைவிட மூத்தவர் ஒருவர் சென்னையிலிருந்து அதே பிராஞ்ச்சில், அதாவது நிரலின் ஒரே கிளையில், எழுதுகிறார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிட்டது. நான் விடுவேனா? ஃபேனைக்கூட அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரில் லேப்டாப்பை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மழையால் அறுவடை நின்றால், அன்றைக்கு முறை வந்தவர்கள் வரிசை மாறாமல் மறுநாளுக்குப் போக வேண்டும். வெகுநாளாக மண்டையைக் குடைந்த சிக்கல். வேர்த்து ஒழுக ஒழுக அன்றைக்குத்தான் தீர்ந்தது.

"கரண்ட் இல்லாத அன்னைக்காவது சும்மா இருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அக்காவின் செய்தி வந்தது: "பிராஞ்ச்சை ரீபேஸ் பண்ணி ஏத்திட்டேன். புல் பண்ணாதீங்க, குழம்பிடும். ரீசெட் பண்ணிக்குங்க."

ரீபேஸ் என்பது நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவது மாதிரி. மாற்றங்கள் அவையேதான், அடையாள எண்கள்தான் புதிது. என் லேப்டாப்பில் இருப்பதோ பழையது; புல் செய்தால், அதாவது சர்வரில் இருப்பதை இழுத்து அதோடு கலந்தால், இரண்டும் குழம்பும். ரீசெட் செய்தால் சர்வரில் இருப்பதுபோல் ஆகிவிடும். இன்னும் மேலே ஏற்றாத என் ஒரு நாள் உழைப்பு துடைத்துக்கொண்டு போகும். சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்வதற்கு என்ன அவசரம் என்று எரிச்சலாக இருந்தது.

முதலில் என் பிராஞ்ச்சை வேறு பெயரில் நகல் எடுத்து வைத்தேன். பிறகு சர்வரில் இருப்பதை இறக்க ஃபெட்ச், அப்புறம் ரீசெட். அந்த நகலிலிருந்து என் கமிட்டை, அதாவது முந்தின நாள் செய்த மாற்றத்தை, மட்டும் எடுத்துப் புதியதன் மேல் வைத்தேன். உடனே கான்ஃப்ளிக்ட். அக்காவின் வரிகளும் என் வரிகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. படித்தால், இரண்டும் ஒரே வேலை. அதே மழை, அதே வரிசை, அதே மறுநாள். அவருடையது நீளத்தில் என்னுடையதில் பாதிகூட இல்லை, ஆனால் எல்லாம் கச்சிதமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே வைத்துக்கொண்டேன். இந்தக் கமிட்டில் இனி ஒன்றுமே இல்லை என்றது, நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருள்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நேத்து உங்க ஊர்ல கரண்ட் இருக்காதுன்னு சொன்னீங்கள்ல? பாவம், ஒருநாள் ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு நானே முடிச்சுட்டேன். நல்லா தூங்குனீங்களா?"



"நல்லா தூங்கினேன்க்கா" என்றேன்.