யோசித்துச் சொல்கிறேன் என்றவர்

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தாய்மார்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வரும் வேலையை எங்கள் வகுப்புக்குக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது செம்பாக்கம். மற்றவர்கள் ஐந்து கேள்வித்தாள் நிரப்புவதற்குள் நான் பத்து நிரப்பிவிடுவேன். அந்தத் திமிர் வேறு.

ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகள், ஐந்தாவது படிக்கிறாள். அவளை எதுவரை படிக்க வைக்க ஆசை என்று கேட்டேன். துழாவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்னைப் போய் இதெல்லாம் யாரும் கேட்டதில்லம்மா. யோசிச்சு சொல்றேன், நாளன்னிக்கு வா."

அவகாசம் கேட்பவர்களிடம் கட்டாயம் திரும்பப் போக வேண்டும் என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒற்றைத் தாளுக்காக அந்த வெயிலில் மறுபடியும் யார் போவது? பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். மறுநாள் வகுப்பிலேயே முதல் ஆளாகத் தாள்கட்டை ஒப்படைத்து, பேராசிரியரிடம் சபாஷும் வாங்கினேன். இரண்டு நாளில் எல்லாத் தாள்களும் கணக்கெடுப்பதற்காகப் பட்டணத்துக்குப் போய்விட்டன.

அடுத்த வாரம் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். கேட்டருகே அந்த அம்மாள் நின்றிருந்தார். செம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். செருப்பில்லாத கால் முழுக்கப் புழுதி.

"நீ வருவ வருவன்னு பாத்துகினே இருந்தேன். எங்க வூட்டுக்காரரு அஞ்சாவதோட நிறுத்துன்றாரு. நாலு நாளா ஒரே சண்ட. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல கடைசி கிளாசு, பதினொண்ணாவது முடிக்கணும், எழுதிக்கோ. காலேஜ்ல எழுதிக்கினாங்கன்னு சொன்னா அவரு கொஞ்சம் அடங்குவாரு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாட்டிக்கொண்டால் மார்க் போய்விடுமே என்ற பயம். என் நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

"இன்னா எழுதின, படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இது மத்தவங்களுதோட சேந்துடும் இல்ல?"

"சேந்துடும்மா" என்றேன், கொஞ்சமும் தயங்காமல். அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார். எனக்குத்தான் அன்று வகுப்பில் உட்கார முடியவில்லை. பேராசிரியரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போகும்வரை செம்பாக்கம் பக்கமே நான் தலைகாட்டவில்லை. அந்தப் பெண் பதினொன்றாவது முடித்தாளா என்று விசாரிக்க எனக்கு எந்த முகம் இருந்தது?

இன்றும் பத்திரிகையில் ஏதாவது கருத்துக்கணிப்பில் 'கருத்து இல்லை' என்ற வரியைப் பார்த்தால், அவர்களில் எத்தனை பேர் யோசித்து முடிப்பதற்குள் என்னைப் போல் ஒருத்தி பஸ் ஏறிப் போய்விட்டாளோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.