அவர் ஜோக்குக்கு நான் சிரிக்கவில்லை

மத்தியான ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் என் பக்கத்தில் ஒரு எருமை வந்து உட்காரும். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி வாலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும். எனக்குப் பயம் வராது. கண் திறந்துதான் இருக்கும். எதிர் சீட்டில் பூ கட்டுகிற பெண்ணும் தெரிவாள், எருமையும் தெரியும். அம்பத்தூர் நெருங்கும்போது அயனம்பாக்கத்து ஏரி எழுந்து நடந்து வந்து பெட்டிக்குள் ஏறும். கணுக்கால் வரைக்கும் ஜில்லென்று தண்ணீர். அந்தப் பெண் கட்டின சரத்தை அதில் மிதக்க விடுவாள். அது என் காலைச் சுற்றிச் சுற்றி வரும். அப்புறம் யாரோ முறுக்கு விற்கிற சத்தம் கேட்கும். ஆவடி வந்திருக்கும். கால் காய்ந்துதான் இருக்கும்.

கனவு எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் மூச்சு விடுகிறோம் என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

ரேஷன் வரிசையில் நின்றபடியே தூங்குவேன். அரிசி களைந்துகொண்டே தூங்குவேன், கை மட்டும் களைந்துகொண்டிருக்கும். பகல் தூக்கக்காரி என்று பேர் வந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. தூங்குகிறவளைத் தூங்குகிறவள் என்றால் என்ன தப்பு? இன்னொரு பேர் இருந்தது. அதுதான் என் வீட்டையே தின்றது. சிரிக்காதவள்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் அவரை மாதிரி சிரிக்க வைக்கிறவர் கிடையாது. ஒருத்தர் நடக்கிற நடை, தும்முகிற தும்மல், எதைப் பார்த்தாலும் மறு நிமிஷம் அவராகவே மாறிவிடுவார். சாயங்காலம் குழாயடியில் அவர் சைக்கிளை நிறுத்தினால் போதும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பெண்கள் சிரிப்பார்கள், தண்ணீர் சிந்தும். திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், கிறிஸ்தவ வீட்டு டீச்சர், எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"உன் மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குதே, அண்ணன் எப்டி உன்னோட குடும்பம் நடத்துறாரு?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதற்கு அவரே பதில் சொல்வார். "அத்த இன்னாத்துக்கு கேக்குற? நான் வாயத் தொறந்தா அவ கொழாயத் தொறந்துடுவா." அதற்கும் ஒரு சிரிப்பு எழும். ஆனால் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வையில் ஜோக்கு இருக்காது.

நான் ஏன் குழாயைத் திறந்தேன் என்று சொல்லுகிறேன். அவசரம் இல்லை.

பூந்தமல்லியில் என் அம்மா வீட்டுத் தெருவில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். எனக்கு அப்போது தாவணி வயசு. பூசாரி கரகத்தோடு ஆடிக்கொண்டு போக, என் சித்தி மகள் பின்னாலேயே அவர் மாதிரி இடுப்பை வளைத்து நடந்தாள். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் முட்டி காணாமல் போய்விட்டது. சோறு வடித்த துணி மாதிரி தரையில் விழுந்தேன். தாடை தொங்கியது. நாக்கு எனக்குச் சொந்தமாக இல்லை. ஆனால் காது திறந்திருந்தது. உடுக்கைச் சத்தம், ஓடி வருகிற காலடி, எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"அம்மன் வந்துட்டா!" என்று ஒரு குரல் கத்தியது. நெற்றியில் விபூதி, வாயில் வேப்பிலை. "யாரு வந்துகீறது? சொல்லு தாயே!" என்று பூசாரி கேட்டார். ஒரு அத்தை என் காதுக்குள்ளேயே குனிந்து, "எம் புள்ளைக்கு வேல கெடைக்குமா தாயே, ஒரு வார்த்த சொல்லு," என்று அழுதாள். எனக்கு அவளைப் பார்த்தும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கீழே அழுத்தியது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். எல்லாரும் கை கூப்பி நின்றார்கள். முதல் கூழ் எனக்கு. என் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "அம்மன் வர்ற ஒடம்பு இது. கண்ட எடத்துல பல்லக் காட்டி அவள கூப்புடாத. ஆம்பளைங்க நிக்கற எடத்துல விழுந்தா மானம் பூடும்."

எனக்கு மானம் பெரிது. அன்றைக்கு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தால் நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்துவேன். கன்னத்தின் உள்பக்கம் கடிப்பேன். அதுவும் போதாவிட்டால் குழாயைத் திறந்து அந்தச் சத்தத்தில் காதை மூடிக்கொள்வேன், இல்லையென்றால் எழுந்து போய்விடுவேன். மற்றவர்கள் சொல்லுகிற ஜோக்குக்கு இவ்வளவு தேவைப்படாது. என் வீட்டுக்காரர் சொன்னால்தான் முட்டி உடனே இளகும்.

ஒரே ஒரு தடவை தப்பிவிட்டது. கல்யாணமான புதிது. ஃபோர்மேன் சூடான டீயைக் குடித்துவிட்டு, சுடவில்லை என்று காட்டிக்கொண்டே மெஷினைப் பற்றிப் பேசுவாராம். அதை இவர் செய்து காட்டினார். கண்ணில் தண்ணீர், மூக்கு சிவந்து, வாய் மட்டும் "நட்டு டைட்டா கீதா?" என்கிறது. நான் அடுப்படி வாசலில் தண்ணீர்ச் சொம்போடு சரிந்தேன். அவர் பதறிப்போய் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நாக்கு திரும்பினதும், மானம் முன்னால் வந்து நின்றது. "தலை சுத்திச்சு," என்றேன்.

புதுப்பெண்ணுக்குத் தலை சுற்றினால் என்ன அர்த்தம்? மனுஷன் சட்டையைக்கூட மாட்டாமல் ஓடினார். லட்டு வாங்கி, குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் விஷயம் அது இல்லை என்று தெரிந்தது. லட்டு தின்ற வாய் எல்லாம் விசாரிக்க வந்தது. "இன்னாமே, லட்டு செரிச்சுப் போச்சே, புள்ள எங்க?" என்று. அதற்கு அப்புறம் என் கன்னத்தின் உள்பக்கம் ஆறினதே இல்லை. மகள் பிறந்தது இரண்டு வருஷம் கழித்து.

இப்படியே காலம் ஓடியது. ரிட்டயர் ஆகி, பட்டாபிராமில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். குழாயடி இல்லை, கூட்டம் இல்லை. கேட்க ஆளென்று நான் ஒருத்திதான். அவர் மெதுவாக ஜோக்கை நிறுத்திவிட்டார். முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் வீடு கிணறு மாதிரி ஆனது. பேப்பரைப் பார்ப்பார், ஃபேனைப் பார்ப்பார். நான் உட்கார்ந்த இடத்திலேயே கனவுக்குள் போவேன். கனவில் அவர் பேசிக்கொண்டே இருப்பார், குடம் குடமாகத் தண்ணீர் சிந்தும். கண் திறந்தால் ஃபேன் சத்தம்.

போன வருஷம் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். எருமை வந்தது, ஏரி வந்தது. அன்றைக்கு ஏரி வடியவே இல்லை. பட்டாபிராமைத் தாண்டித் திருவள்ளூர் போய், அதே பெட்டியிலேயே திரும்பி, சென்ட்ரலையும் பார்த்துவிட்டு மறுபடி வந்திருக்கிறேன். இறங்கும்போது சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிளாட்ஃபாரத்தில் அவர், குடையை ஊன்றிக்கொண்டு, மத்தியானத்திலிருந்து நின்றவர் நின்றபடி.

திட்டவில்லை. "ஊட்டுக்கு வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடுமே," என்றார். "எம் மூஞ்சியப் பாத்தா உனக்கு எப்பவுமே வெறுப்புதான். எனக்குத் தெரியாதா? வயசான காலத்துல என்னை இன்னாத்துக்கு இப்டி நிக்க வெக்கிற?"

இத்தனை வருஷமும் அவர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் என் பக்கத்தில் படுத்திருக்கிறார். நான் கடித்துக் கடித்து அமுக்கின ஒவ்வொரு சிரிப்பும் அவருக்கு ஒரு அடியாக விழுந்திருக்கிறது. இதை எடுக்காமல் நான் கண்ணை மூடினால் அவர் அந்த நினைப்போடுதானே இருப்பார்?

மகளுக்கு விஷயம் தெரிந்து, அம்பத்தூர் பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரரும் வந்தார். டாக்டர் சின்ன வயசுப் பெண். தூக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டாள். எருமையைப் பற்றிக்கூடச் சொன்னேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் பார்க்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"சிரிச்சா முட்டி மடங்குமாம்மா? தாடை தொங்கிப் போகுமா? பேசறது எல்லாம் காதுல விழும், பதில் மட்டும் சொல்ல வராது, அப்படி?"

குறி சொல்லுகிறவளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். உலகத்தில் ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து சொன்னார்: "இவ சிரிச்சாதான டாக்டர் அது தெரியும்."

"மடங்கும்," என்றேன். "இவர் ஜோக்கு சொன்னா உடனே மடங்கும். அதான் எழுந்து போயிடுவேன்."

அவர் கையில் இருந்த குடை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். மூளைக்கு அடியில் ஒரு சின்ன இடம். அங்கே சில அணுக்கள் ஒரு துளிப் பொருளைச் செய்து அனுப்புமாம். நியூரோபெப்டைடு என்று ஒரு வகை, அதில் இதற்குப் பேர் ஓரெக்சின். முழிப்பு முழிப்பாக, தூக்கம் தூக்கமாக, ஒன்றில் ஒன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எனக்கு அந்த அணுக்கள் சின்ன வயசிலேயே அழிந்திருக்கலாம். "கனவு காணும்போது எழுந்து ஓடிடாம இருக்க மூளையே கை காலைக் கட்டிப் போடும். எல்லாருக்கும் நடக்கறதுதான். உங்களுக்கு சிரிச்சா அந்தக் கட்டு பகல்லயே விழுது. மனசுக்குப் பிடிச்சவங்க சிரிக்க வெச்சா இன்னும் சுலபமா விழும்."

கடைசியாகச் சொன்னதை அவர் காதில் வாங்கினாரா என்று பார்த்தேன். குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரயில்வே கேட்தான் ஞாபகம் வந்தது. கேட்காரன் இருந்தால் தெரு தெருவாக இருக்கும், தண்டவாளம் தண்டவாளமாக இருக்கும். என் தலைக்குள் கேட்காரன் எப்போதோ போய்விட்டான். கேட் திறந்தே கிடந்திருக்கிறது. அதில்தான் எருமை வந்தது, ஏரி வந்தது.

அப்புறம் சோதனை. பகலில் இருட்டு அறையில் படுக்க வைத்து, தலையில் ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். ஆயுசு முழுக்கப் பகலில் தூங்கியதற்குத் திட்டு வாங்கியவளைத் தூங்கு என்று ஒரு டாக்டர் சொல்கிறாள்! படுத்ததும் கனவுக்குள் போய்விட்டேனாம். டாக்டர் நினைத்தது சரிதான். அழிந்ததைத் திருப்பி வைக்க மருந்து கையில் இல்லை, ஆனால் விழுவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, பகலில் கொஞ்சம் வேளை வைத்துத் தூங்குங்கள் என்றாள்.

மாங்காட்டுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நின்றவள். "அன்னைக்கு வந்தது நீ இல்லையாமே," என்றேன். முதல் கூழ் வாங்கிக் குடித்ததற்கு அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் முட்டி மடங்காமல் நின்றது, அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

வீட்டில்தான் கதை வேறு மாதிரி ஆனது. எல்லாம் தெரிந்த பிறகு அவர் பேசவே பயந்தார். நான் நின்றுகொண்டிருந்தால் வாயைத் திறக்க மாட்டார். மகள் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொன்னால், "ஏ, ஏ, அம்மா நிக்குது," என்று தடுப்பார். வெறுப்பு போய்ப் பயம் வந்து உட்கார்ந்தால் எனக்கு என்ன லாபம்? கிணறு கிணறாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் சமையலை முடித்துவிட்டு, அடுப்பை அணைத்து, கூடத்தில் பாயை விரித்தேன். முதுகுக்குச் சுவர், இரண்டு பக்கமும் தலையணை. சட்டமாக உட்கார்ந்தேன்.

"இங்க வாங்க. அந்த ஃபோர்மேன் டீ குடிச்சாரே, அதச் செஞ்சு காட்டுங்க."

"இன்னாமே, பைத்தியமா? வுழுந்துடுவ."

"ஒக்காந்துகினு கீறவ எங்க வுழுவேன்? காட்டுங்க."

"மறந்துடுச்சு."

"பொய்."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, இல்லாத டம்ளரைக் கையில் எடுத்தார். பல் போன வாய், வெள்ளை மீசை, இருந்தாலும் அந்த ஃபோர்மேன் எங்கிருந்தோ வந்து அவர் முகத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது. மூக்கு சிவந்தது. "நட்டு டைட்டா கீதா?"

நான் நாக்கை அழுத்தவில்லை. கன்னத்தைக் கடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

தாடை போனது, கழுத்து போனது, கை இரண்டும் பாயில் கிடந்தன. மாத்திரையையும் மீறி வந்த சிரிப்பு. இமை பாதி மூடியிருந்தது, அந்த இடுக்கில் ஏரித் தண்ணீர் பளபளக்கிற மாதிரி கூடமே ஆடியது. அவர் தவழ்ந்து வந்து என் மோவாயைத் தாங்கிப் பிடித்தார். என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் அசைய ஒன்றும் இல்லாவிட்டாலும் தெரிந்துவிட்டது.

வாசலில் எதிர் வீட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. "ஐயோ, ஆயாவுக்கு என்னாச்சு?"

"ஒன்னியும் இல்லம்மா, நீ போ," என்றார். குரல் குழாயடிக் குரலாக இருந்தது. "ஜோக்கு சொன்னேன்."

அவள் போனதும் என் காதுக்கிட்ட குனிந்தார்.

"இன்னாமே, லட்டு வாங்கியாந்துடட்டா?"

எழுந்திருக்க இருந்தவள், மறுபடியும் அவர் கைக்குள்ளேயே சரிந்தேன்.