சிறுத்தையின் இடக்காது

சிறுத்தையின் தலைக்கு ஒரு வார் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதும் நான் முதலில் பார்த்தது வாசலைத்தான். தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவனிடம் வந்து யாராவது சிறுத்தை என்று வாயைத் திறந்தால், பின்னாலேயே போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். நாங்கள் தைப்பது ஆட்டுத்தோல் பையும் பெல்ட்டும். அதற்கே அவ்வப்போது எவனாவது வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போகிறான்.

"தோல் கேக்கல அண்ணா. உயிரோட இருக்கற சிறுத்தைக்கு வார்," என்றாள். மாட்டுங்காவில் வளர்ந்து இப்போது செம்பூரில் இருக்கும் மிருக டாக்டராம். நகரத்துக்கு வடக்கே, காட்டோரம், அடிபட்ட மிருகங்களை வைத்துப் பார்க்கும் இடத்தில் வண்டி மோதிய சிறுத்தை ஒன்று இருக்கிறது. காயம் ஆறிவிட்டது. ஆனால் சாப்பாடு வைப்பவர் மேலேயே பாய்கிறது. மயக்க மருந்து கொடுத்து அதன் காது எப்படிக் கேட்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். காதுக்குள் சத்தம் அனுப்பும் குழாய் நழுவாமல் இருக்கத்தான் வார்.

"பக்கிள் வேண்டாம், ரிவெட்டும் வேண்டாம். இரும்பே இருக்கக் கூடாது," என்றாள்.

இரும்பே கூடாதாம்! எனக்குப் பொறி தட்டியது. ஏர்போர்ட்டில் மெஷின் கத்தாமல் எதையோ கட்டி அனுப்பப் பார்க்கிறார்கள். எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காதை அளக்கும் கருவி மூளையின் மின்சாரத்தைப் பிடிக்கும்போது இரும்பு பக்கத்தில் இருந்தால் குழப்பும் என்று அவள் சொன்னதை நான் ஒரு சொல்கூட நம்பவில்லை. அவளுடைய அடையாள அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டேன். "நானே கூட வந்து கட்டித் தாறேன், சரின்னா சொல்லுங்க," என்றேன். நம்ம வார் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். அவள் உடனே சரி என்றாள். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

என் சந்தேகத்துக்கு அந்த வாரம் வேறு தீனியும் இருந்தது. என் அக்காள் வீட்டுக்காரரும் நானும் இருபது வருடமாகக் கூட்டாளிகள். தோல் வெட்டும் பிரஸ் எனக்கு இடப்பக்கம். அதற்கு அந்தப் பக்கம் மச்சானின் மேஜை. இரண்டு வருடமாக மனுஷன் ஆளே மாறிவிட்டார். போனில் முணுமுணு என்று பேசுகிறார். நான் திரும்பிப் பார்த்தால் வைத்துவிடுகிறார். பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்கிறார், நான் திடுக்கிட்டு வள்ளென்று விழுகிறேன். போதாததற்குக் குரல் வேறு கட்டிப்போய்க் கிடக்கிறது. அக்காள் தினமும் பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் கொடுத்தனுப்புகிறாள். தொண்டை கட்டும் அளவுக்கு யாரிடம் பேசுகிறார்? நம்ம வாடிக்கைப் பார்ட்டிகளை இழுத்துக்கொண்டு தனிக்கடை போடப் போகிறார், வேறென்ன!

முடிவு செய்துவிட்டேன். புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் பையில் போட்டிருந்தேன். அந்த வார் வேலையை முடித்துவிட்டு வந்து பூட்டை மாற்றுவது, மச்சானிடம் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்வது. அக்காள் அழுவாள். அழட்டும்.

மறுநாள் காலையில் போனேன். நிஜமாகவே சிறுத்தைதான் மேஜைமேல் கிடந்தது. கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள், நாக்கு வெளியே தொங்கியது. வாரைச் சுற்றி, தோல் கயிற்றாலேயே முடிச்சுப் போட்டேன். டாக்டர் உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் முடி போல மெல்லிய ஊசிகளைச் செருகினாள். வலக்காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் போனது. திரையில் கோடு மேடு மேடாக எழும்பியது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க மேடும் சின்னதாகி, கடைசியில் அடங்கியது.

பிறகு இடக்காது. கோடு எழும்பவே இல்லை. சத்தத்தை எவ்வளவு கூட்டியும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"பாவம். இதுக்கு வெறி பிடிச்சிருக்குன்னு எல்லாரும் சொன்னா," என்றாள் டாக்டர். "சாப்பாட்டுக் கதவு இடப்பக்கம் இருக்கு. ஆள் வரது இதுக்குக் கேக்கவே இல்ல அண்ணா. திடீர்னு பக்கத்துல ஒருத்தர் நின்னா அது என்ன பண்ணும்? இனிமே வலப்பக்கமா வரச் சொல்லணும்."

திரும்பி வரும் ரயிலில் போன் வந்தது. சிறுத்தையின் நினைப்பிலேயே இருந்தவன், எடுத்து வேண்டுமென்றே இடக்காதில் வைத்தேன். எத்தனை வருடமாக வலக்காதில் மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இடக்காதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஏதோ முணுமுணு என்றது. என் மச்சான் மாதிரியே முணுமுணுத்தது. சீ, என்ன மனுஷன் நான்! தாதரில் இறங்க வேண்டியவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பட்டறைக்கு வந்ததும் பிரஸ்ஸை நிறுத்தினேன். பூட்டைப் பையோடு மூலையில் வீசினேன். மச்சானின் மேஜையைப் பிடித்துக் கரகரவென்று என் வலப்பக்கம் இழுத்துப் போட்டேன்.

மச்சான் பதறிப்போய் எழுந்து வந்தார். கையில் பிளாஸ்க். இப்போது அவர்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மச்சான், இனிமே இந்தப் பக்கம் உக்காருங்க," என்றேன். "எனக்கு இடது காது கேக்கல."

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்கை மேஜைமேல் வைத்துவிட்டு என் வலக்காதுப் பக்கம் குனிந்தார்.

"அதத்தான மாப்ள ரெண்டு வருசமா கத்திக்கிட்டு இருக்கேன்," என்றார். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.